பந்தி வஞ்சனை

செத்த கோழியின் இரைப்பையில் கம்பு இருந்தது. போன வாரம் வசந்தாமணியை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம், மோட்டார் ரூமுக்குப் பின்னால், கத்தரிக்கோலும் கையுமாக.

கோழி வயிற்றில் கம்பு இல்லாமல் கற்பூரமா இருக்கும் என்று கேட்பவர்கள் இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்காக ஒரு நிமிஷம். வசந்தாமணி, ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டுக்கு உள்ளே இருக்கும் கோழிப்பண்ணை வீட்டு மருமகள். கல்யாணத்துக்குப் பிறகும் பஸ்ஸேறிச் சேலம் போய் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறவள். ஆராய்ச்சியும் கோழியைப் பற்றித்தான். ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு சக்கை மிஞ்சுகிறதே, திப்பி, அதைத் தீவனத்தில் பாதிக்குப் பாதி கலந்தால் கோழி முட்டை இடுமா, இடாதா?

பண்ணையில் கோழிக் கொட்டகை இரண்டு. மேலக் கொட்டாய்க் கோழிகளுக்கு வழக்கமான சோளத் தீவனம். கீழக் கொட்டாய்க் கோழிகளுக்குத் திப்பித் தீவனம். இரண்டும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள். வேறு ஒரு மணி தானியம்கூட உள்ளே போகக் கூடாது. செத்தது கீழக் கொட்டாய்க் கோழி.

இரண்டு கொட்டாயும் கிட்டத்தட்டச் சமமாக இட்டன. பல்கலைக்கழகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நிலவியலிலிருந்து தமிழ் வரைக்கும் அத்தனை துறைகளும் அந்த வருஷம் செய்த ஆராய்ச்சியை எல்லாம் சேர்த்துப் பெரிய தொகுதியாகப் போடுவார்கள். அதில் நாலு துறை கைகோத்துச் செய்த வேலை இது ஒன்றுதான். திப்பியில் மிஞ்சும் மரவள்ளி விஷத்தை வேதியியல் அளந்தது, கோழியை விலங்கியல் பார்த்தது, கணக்கைப் புள்ளியியல் போட்டது, விவசாயிக்கு என்ன லாபம் என்று பொருளியல் எழுதியது. தொகுதியைத் திறந்தால் முதல் கட்டுரையே இதுதான்.

அந்த நாலு துறையும் இன்றைக்கு வேனில் வருகின்றன. முடிவை விவசாயிகளுக்கு நேரில் சொல்ல ஏற்பாடு. களத்தில் பந்தல் போட்டாயிற்று.

வசந்தாமணி பல்கூடத் துலக்காமல் நேரே சமையல்கட்டுக்குப் போனாள். மாமியார் பாவாயி அரிவாள்மணையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, கீழக் கொட்டாய்க்குக் கம்பு போட்டீங்களா?"

"ஆமா சாமி."

மறைக்கிற முகமே இல்லை. கை அது பாட்டுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தது. வசந்தாமணி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பிருந்துங்க?"

"ஆடி நோம்பியில இருந்து. நீ பஸ்ஸேறிப் போனதும் ஒரு மொறம் போடுவேன். கொஞ்சம் கருவாட்டுத் தூளும். ஏஞ் சாமி, மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?"

"போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தனே அத்தை."

"சொன்னே. நானும் நாலு பொழுது பாத்தேன், மனசு ஒப்பலை. அக்கட்ட ஒரு கொட்டாய்க்குச் சோளம், இக்கட்ட ஒரு கொட்டாய்க்குச் சக்கை. ஒரே ஊட்டுல வளர்ற ஜீவன். என்ற கையால இன்னி வரைக்கும் பந்தி வஞ்சனை பண்ணதில்லை. கூலிக்கு வந்தவனுக்கும் சம்பந்திக்கும் ஒரே கரண்டிதான். வாயில்லாத கோழிக்கு மட்டும் பண்ணலாமா?"

பாவாயியைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. ஓர் இலைக்கு நெய் விட்டுப் பக்கத்து இலையை நனைக்காமல் போகிறவளைப் பற்றி அந்தப் பக்கத்தில் பத்து வருஷம் பேசுவார்கள். பாவாயி வீட்டு விசேஷத்தில் கரண்டி பாவாயி கையில்தான் இருக்கும். வேறு யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டாள். பெற்ற மகளுக்கு ஒரு சேலை எடுத்தால் மருமகளுக்கும் அதே கடையில் அதே விலையில் எடுத்தவள். கோழி விஷயத்தில் மட்டும் அவள் மாறிவிடுவாள் என்று வசந்தாமணி நினைத்தது வசந்தாமணியின் பிசகு.

"மூணு வருஷம் போச்சுங்கத்தை," என்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "முட்டை இட்டது திப்பியாலயா, உங்க கம்பாலயான்னு இனி எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது."

"எதாலயோ இட்டுச்சல்ல?"

"நீங்க போட்டதாலதான் இட்டிருந்தா? அது தெரியாம ஊரெல்லாம் வெறும் திப்பியப் போட்டு, முட்டை நின்னு போச்சுன்னா? எடப்பாடி அண்ணன் இன்னைக்கு லாரியோட வாராருங்க. ரெண்டாயிரம் கோழிக்கும் தீனிய மாத்தப் போறாரு."

பூசணிக்காய்த் துண்டு பாத்திரத்துக்குப் போகாமல் கையிலேயே நின்றது. எடப்பாடி அண்ணன் என்றால் ராசப்பன். பாவாயியின் மகள் பெரியநாயகியைக் கட்டியவன். காட்டு நிலத்தை விற்றுக் கோழி வைத்தவன்; கோழி போனால் அவனுக்கு வேறு கதி இல்லை.

"நம்ம பெரியநாயகி ஊட்லயுமா?" என்றாள் பாவாயி, மெதுவாக.

"ஆமாங்க. அதுக்குத்தான் இன்னைக்கு எல்லாரும் வாராங்க. வேன்ல வர்ற எங்க வாத்தியார் ஐயாகிட்டச் சொல்லிப்போடறேன் அத்தை. சொல்லாம இருக்க முடியாது."

"யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வாசற்படியில் சின்னுசாமி நின்றிருந்தான், வசந்தாமணியின் புருஷன். குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு. எவ்வளவு நேரமாக நின்றானோ, முழுவதும் காதில் விழுந்திருந்தது.

"ஒரு மொறம் கம்பு. அதுக்குப் போயி ஊரக் கூட்டி ஒப்பாரி வெக்கோணுமா?"

"ஏனுங்க, அது ஒரு மொறம் இல்லீங்க. தெனமும்."

"தெனமும்னே இருக்கட்டும். சுத்துப்பட்டு பண்ணைக்காரனையெல்லாம் கூப்புட்டு வெச்சுருக்கறேன். என்ற பொண்டாட்டி கண்டுபுடிச்சதுன்னு ஊடு ஊடாப் போயிச் சொன்னவன் நான். இப்ப எங்கம்மா கம்பு போட்டுக் கெடுத்துப்போட்டான்னு பந்தல்ல சொன்னா என்ன ஆவும் தெரியுமா? மாமியாளும் மருமவளும் சேந்து ஏமாத்திப்போட்டாளுகன்னுதான் பேசுவாங்க. உன்ற படிப்பும் அதோட சரி."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அது வசந்தாமணிக்கும் தெரியும்.

"சாயங்காலம் நம்ம திப்பி லோடும் மில்லுல இருந்து எறங்குது," என்றான். "அம்மா, நீ சமையக்கட்ட உட்டு வெளிய வராதே. ஆரு கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது."

பாவாயி மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மறுபடி பூசணிக்காயை அரிய ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில், படித்தது போதும் என்று பங்காளிகள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசியபோது, "சோறு நான் ஆக்கிக்கறேன், நீ பஸ்ஸேறு" என்று ஒற்றைச் சொல்லில் வாயை அடைத்தவள் இவள். இன்று அவளிடமிருந்து ஒரு சொல் வராதா என்று வசந்தாமணி காத்திருந்தாள். வரவில்லை. அத்தையின் பேரை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சபையில் எடுப்பதில்லை என்று அந்த இடத்தில் முடிவுசெய்துகொண்டாள்.

வேன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் இறங்கியவர் விலங்கியல் பேராசிரியர் குமாரசாமி, அவளுடைய வழிகாட்டி. பின்னாலேயே புள்ளியியல் தெய்வநாயகி. கறார் பேர்வழி. கூட்டல் கழித்தலில் ஒரு முட்டை குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறவர். அப்புறம் வேதியியலும் பொருளியலும், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு.

எல்லாரும் இளநீர் குடிக்கும் சமயம் பார்த்து வசந்தாமணி குமாரசாமியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள். போனதும் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"கீழக் கொட்டாய்க்குத் தினமும் கம்பும் கருவாட்டுத் தூளும் போயிருக்குதுங்க ஐயா. காலையில செத்த கோழிய அறுத்துப் பாத்தப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவர் இளநீரை வாயிலிருந்து எடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"யார் யாருக்குத் தெரியும்?"

"வீட்டுலதானுங்க. வேற யாருக்கும் தெரியாது."

"நல்லது." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "தொகுதி அச்சாகி முடிஞ்சுதும்மா. அடுத்த வாரம் வெளியீடு. நாலு துறைக்காரங்க உழைப்பு இது, உன் ஒருத்தி சமாசாரம் இல்லே. பண்ணைன்னு இருந்தா தானியம் கொஞ்சம் முன்னே பின்னே சிந்தத்தான் செய்யும்."

"சிந்தினதில்லீங்க ஐயா. போட்டது."

"உன் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கோபமே இல்லாத குரலில், "போய் முகத்தைக் கழுவிட்டு வா," என்றார்.

புருஷனும் சரி, பேராசிரியரும் சரி, சொல்லிவைத்த மாதிரி ஒரே பேச்சு. முகத்தைக் கழுவினாள். தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்துக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டால் பட்டம், பேர், முதல் கட்டுரை, புருஷனின் கௌரவம், எல்லாம் தங்கும். திறந்தால் மூன்று வருஷமும் போய்விடும். ஆனால் மூடிக்கொண்டால் எடப்பாடியில் ரெண்டாயிரம் கோழி.

பந்தல் நிரம்பிவிட்டது. ஆட்டையாம்பட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். குமாரசாமி நன்றாகப் பேசுவார், அன்றைக்கு இன்னும் நன்றாகப் பேசினார். மில்லுக்காரன் குப்பையில் கொட்டுகிற திப்பி இனி உங்கள் வீட்டில் முட்டையாகும் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சின்னுசாமி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

கைதட்டல் அடங்குமுன் ராசப்பன் எழுந்துவிட்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நான் கெளம்பறனுங்க. லாரி லோடோட ரோட்டுல நிக்குது. பொழுதோட போனா இன்னைக்கே தீனிய மாத்திப்போடலாம்."

வசந்தாமணி ஓடிப்போய் வழியில் நின்றாள். "அண்ணா, சாப்புட்டுப் போங்க. கொஞ்சம் நில்லுங்க."

"சோறு எங்க ஓடிப்போவுது அம்மிணி. உன்ற புண்ணியத்துல இனித்தான் நாங்க தலையெடுக்கோணும்," என்று சிரித்துக்கொண்டே கும்பிட்டான். அவள் கை தானாகப் பதிலுக்குக் கும்பிட்டது. சொல்ல வேண்டியது ஒரே வரி. அந்த ஒரு வரி வருவதற்குள் அவன் வேலியைத் தாண்டிவிட்டான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அடி பாவி, வாயில் கொழுக்கட்டையா என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகங்க."

எழுந்தது தெய்வநாயகி. குமாரசாமியின் முகம் சுருங்கியது.

"கீழக் கொட்டாயில முதல்ல முட்டை இறங்கிட்டே வந்துச்சு. ஆடிக்கு மேல திடீர்னு ஏறுது. கோழி பழகிடுச்சுன்னு எழுதியிருக்காங்க. எனக்கு அது ஒப்பலை. பண்ணைக்காரர் சொல்லட்டும். வேற ஏதாச்சும் தீனி உள்ள போச்சுங்களா?"

"ஒண்ணும் போவலீங்க," என்றான் சின்னுசாமி. பட்டென்று சொன்னான்.

"போச்சுங்க," என்றாள் வசந்தாமணி.

பந்தல் முழுக்கத் தலை திரும்பியது. அவளுக்கே தன் குரல் யாரோ பேசுவதுபோல் கேட்டது. இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை.

"கம்பும் கருவாட்டுத் தூளும் தினமும் போயிருக்குதுங்க. அதனால இந்த ஆராய்ச்சி செல்லாது. திப்பி நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாதுங்க. தயவுசெஞ்சு யாரும் தீனிய மாத்தாதீங்க."

சலசலவென்று பேச்சு எழுந்தது. சின்னுசாமி எழுந்து கையை உயர்த்தினான். "அவளுக்கு ரெண்டு நாளாக் காச்சலுங்க. என்ன பேசறோம்னு தெரியாமப் பேசறா."

"யார் போட்டாங்க?" என்றார் தெய்வநாயகி.

"அதைக் கேக்காதீங்க மேடம். கொட்டாய்க்குப் பொறுப்பு நான். பாக்காம உட்டது என்ற தப்பு."

"யாருன்னும் சொல்ல மாட்டே, கண்ணாலும் பார்க்கலே," என்றார் குமாரசாமி, சபை முழுக்கக் கேட்கும்படி. "செத்த கோழி ஒண்ணைக் காட்டி நாலு துறையோட முடிவைத் தூக்கிப் போடச் சொல்றே. ஆராய்ச்சி அப்படி இல்லேம்மா. உடம்பு சரியில்லேன்னு உன் வீட்டுக்காரரே சொல்றார். போய்ப் படுத்துக்கோ."

ஒருத்தர் சிரித்தார். அது தொற்றிக்கொண்டது. கோபத்தைத் தாங்கிவிடலாம், சிரிப்பைத் தாங்க முடியவில்லை. வசந்தாமணி கண்ணீரை மறைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

பாவாயி அப்போதுதான் வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தலை நேராகக் கடந்து குமாரசாமிக்கு முன்னால் வந்து நின்றாள். சின்னுசாமி, "அம்மா," என்றான். அவள் திரும்பவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, அந்தக் கொட்டாய் வரைக்கும் கொஞ்சம் வாங்க. எல்லாருந்தான் வாங்க."

முதலில் மேலக் கொட்டாய். கம்பி வலைக்கு வெளியே நின்று, "பா... பா... பா..." என்று கூப்பிட்டாள். சில கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பார்த்துவிட்டுத் தீனித் தொட்டிக்கே திரும்பிக்கொண்டன.

அங்கிருந்து கீழக் கொட்டாய். இரண்டாவது "பா" வாயை விட்டு வருவதற்குள் கொட்டாய் மொத்தமும் அவளை நோக்கி ஓடி வந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இறக்கை அடித்து, வலை வெளியே பிதுங்கும்படி முட்டி நின்றன. தொட்டியில் திப்பித் தீவனம் அப்படியே கிடந்தது. ஒரு கோழி அங்கே இல்லை. அவள் வெறும் கையை வலையில் வைத்தாள். அந்தக் கையைக் கொத்தக் கழுத்துக் கழுத்தாக நீண்டன.

சிரித்தவர் கூட்டத்தில் பின்னால் ஒதுங்கிப் போனார்.

"நாந்தாங்க போட்டேன்," என்றாள் பாவாயி. "அந்தப் பொண்ணுக்குத் தெரியாமப் போட்டேன். காச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை."

தெய்வநாயகி குமாரசாமி பக்கம் திரும்பினார். "கட்டுரையில இருந்து என் பேரை எடுத்துடுங்க."

"அச்சாயிடுச்சு."

"அப்ப வெளியீட்டு மேடையில நானே எழுந்து சொல்றேன்."

"சொல்லுங்க. பெரிய பெரிய துறைத் தலைவர்கள் உட்கார்ந்திருப்பாங்க, கோழி ஓடி வந்துச்சுன்னு சொல்லுங்க," என்றார் குமாரசாமி. "நான் எதையும் பார்க்கலே." வசந்தாமணியை ஒரு தடவை பார்த்துவிட்டு வேனுக்கு நடந்தார். பட்டம் போயிற்று என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துக்கம் பிறகு வரும், அதற்கு இப்போது நேரமில்லை.

"ஏனுங்க," என்று புருஷன் கையைப் பிடித்தாள். "வண்டிய எடுங்க. லாரி ராசிபுரம் தாண்டியிருக்காது. அண்ணன் தீனிய மாத்தறதுக்குள்ள சொல்லிப்போடலாம்."

சின்னுசாமி அவள் கையை உதறினான். அவன் கண் அம்மாவை விட்டு நகரவில்லை. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"பெத்த மவனவிட மருமவ ஒசத்தியாப் போயிட்டாளா உனக்கு?"

பாவாயி வலையிலிருந்து கையை எடுத்தாள். கொத்துப்பட்டு விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஒசத்தி தாழ்த்தி பாக்காமத்தாண்டா இத்தனையும் கெடுத்தேன். இன்னிக்கு ஒரு நாளு பாத்துப்போட்டேன்."

சின்னுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து வேலியில் வீசிவிட்டு, ராஜ்தூத் பைக்கை உதைத்துக் கிளப்பினான். ரோட்டில் வடக்கே திரும்பினால் ராசிபுரம், ராசப்பனின் லாரி போன வழி. தெற்கே திரும்பினால் ஜவ்வரிசி மில், அங்கே அவன் பேருக்குத் திப்பி லோடு காத்திருக்கிறது.

வசந்தாமணி வேலி வரைக்கும் ஓடினாள். புழுதி கண்ணை மறைத்தது. வண்டிச் சத்தம் ரோட்டு முனையில் ஒரு கணம் நின்றது, பிறகு எழுந்து தேய்ந்தது. எந்தப் பக்கம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.